ஐம்பத்தாறில் கொதித்தது

பவானி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கணவன் ஈஸ்வரபாண்டியின் குரல்பதிவு வந்தது. "மொச்சக்கொழம்பு வையித்தா, மதியம் வந்துர்றேன். இந்தத் தெர்மாமீட்டருக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. அம்பத்தாறுதான் காட்டுது, உள்ள தளதளன்னு கொதிக்குது. இரு, தண்ணி மோட்டாரப் போட்டுட்டு வர்றேன்."

குழம்பு இறக்குமுன், அவன் வேலை பார்த்த கூடலூர் ஏலக்காய்ச் சாறு ஆலையில் தீப்பிடித்த செய்தி வந்துவிட்டது.

காரியம் முடிந்த கையோடு அவள் பெரியகுளத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே துப்பறிவாளர் வைகுண்டராஜ் பதிவை இருமுறை கேட்டார்.

"கெட்ட தெர்மாமீட்டர வச்சு ஓட்டி, கவனமில்லாமச் செத்தாகன்னு முதலாளி போலீசுக்கு எழுதிக் குடுத்துட்டாக. அந்தப் பழி அவுக மேல நிக்கக் கூடாதுய்யா."

"மோட்டார் எதுக்குத்தா?"

"ஆவியக் குளிர வைக்கிற தண்ணிக்கு. போர்ல தண்ணி கம்மி. எழுபது காட்டுனாத்தான் போடணும்னு முதலாளி உத்தரவு."

மறுநாள், ஆலையில் எடுத்த, கரியேறிய அந்த முள் தெர்மாமீட்டரை ஆலைக்கு எதிர் டீக்கடையில் கொதிக்கும் வெந்நீரில் விட்டார் வைகுண்டராஜ். உதவியாளன் ஜெபமணி எட்டிப் பார்த்தான்.

"தொண்ணூத்தொம்பது! ஒண்ணு கொறையுதுய்யா!"

"கூடலூர் மேட்டுக்கு அதாம்லே சரி. முள்ளு பொய் சொல்லல. அப்ப உள்ள இருந்த சரக்குதான் பொய்."

பவானியையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குப் போனார்கள். முதலாளி ராஜபாண்டி சிரித்தார். "சாறு எடுக்க ஊத்துன ட்ரம்முல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்னு ஒட்டியிருக்கே சார்?"

"லேபிளப் படிச்சுப் பாத்து எதுவும் கொதிக்காது முதலாளி. இந்த ஆல்கஹால் மூலக்கூறுக ஒண்ணுக்கொண்ணு ஹைட்ரஜன் பிணைப்புல கைகோத்து நிக்கும். பிரிக்க எண்பத்திரண்டு டிகிரி வேணும். அம்பத்தாறுல கொதிக்கிறது அசிட்டோன்."

"அது லேசான சரக்காய்யா?" என்றான் ஜெபமணி.

"ஏறக்குறைய ஒரே எடைதான். ஆனா அசிட்டோன் தங்களுக்குள்ள அப்படிக் கைகோக்காது. சீக்கிரம் பிரிஞ்சிரும். ஆல்கஹாலா இருந்தா எழுபதுல மோட்டாரப் போட்டாலும் இம்புட்டு ஆவி கெளம்பியிருக்காது. இங்க அதுக்கு முந்தியே ஆவி அறை பூரா நெறஞ்சிருச்சு. கொதிக்கிறதப் பாத்து ஈஸ்வரபாண்டி உடனே தண்ணி விடப் போனாரு. சுவிட்சுப் பொறி போதுமே! மிச்சம் வெளிய ட்ரம்முல இருக்கு. காய்ச்சிப் பாத்துருவமா?"

ராஜபாண்டியின் சிரிப்பு அடங்கியது. "ஆல்கஹால் லோடு வரல. ஆர்டர் போயிருமேன்னு மாத்தி ஊத்துனேன். சொன்னா ஈஸ்வரபாண்டி ஓட்ட மாட்டான் சார்..."

"எம் புருசன் கவனமாத்தான் இருந்தாக," என்றாள் பவானி.

போலீஸ் அறிக்கையில் கவனக்குறைவு என்ற சொல் அடித்து நீக்கப்பட்டது. அவள் வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டுக் கேட்டாள். அவன் மதியம் வந்துவிடுவதாகச் சொன்னான்.

அசிட்டோன் இன்றும் ஐம்பத்தாறில்தான் கொதிக்கிறது.