நான்காவது டிரம்

கணினித் திரையில் நான்கு டிரம்களும் ஓடாமல் நின்றிருந்தன. ஆனால் ரெனிட்டாவின் கைக்கடியில் மேசை அதிர்ந்தது.

வெள்ளிக்கிழமை மதியம். தோல் பதனிடும் அந்த ஆம்பூர் டேனரியில் முக்கால்வாசிப் பேர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். மாடி அலுவலகத்துக்குச் சுண்ணாம்பும் ஈரத் தோலும் கலந்த வாடை படியேறி வந்தது, மின்விசிறி கிறீச்சிட்டது, இவற்றுக்கெல்லாம் அடியில் தோல் ஊறவைக்கும் அறை அளவு மர டிரம் உருளும்போது மட்டும் எழுகிற அந்தத் தடதடப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே லாரி ஏதாவது போயிருக்கும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லாரி என்றால் இந்நேரம் போய்விட்டிருக்க வேண்டுமே.

'டிரம் 4: நிற்கிறது. ஆள் உள்ளே: ஜோஸ்.'

ஜோஸ் அவளுடைய தம்பி. எல்லோரும் தொழப் போகிற நேரத்தில் டிரம்முக்குள் இறங்கிப் படிந்த கசடைச் சுரண்டுவது அவன் வேலை.

அதற்குக் கீழே ஒரு சிவப்பு வரி. தொழுகைக்குக் கிளம்பும் அவசரத்தில் டிரம் ஓட்டும் ஹஸன் பாய், டிரம்மைக் கழுவ ஓடவிட்டுப் போகலாமென்று 'காலி' என்று அழுத்தியிருக்கிறார். உள்ளே ஆள் இருப்பதால் கணினி அதைப் பதிய மறுத்துவிட்டது. மோட்டாரை ஓட்டச் சொல்லும் உத்தரவோ பதிவுக்குக் காத்திருக்காமல் முன்பே போய்விட்டது. போனதை ரத்து செய்ய வழியில்லை.

பதிவு உறுதியான பிறகுதான் உத்தரவு போக வேண்டும், புரோகிராமை மாற்ற ஒரு நாள் கொடுங்கள் என்று மேனேஜர் நயீம் அகமதுவிடம் கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அவர் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"இப்ப ஓடுது இல்ல? ஷிப்மென்ட் போவட்டும்மா, அப்புறம் பாக்கலாம். சும்மா பேஜார் பண்ணாத."

அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தோடே படியிறங்கி ஓடினாள்.

நான்காவது டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. திறந்த வாயிலிருந்து அழுக்குத் தண்ணீர் கொட்டியது. உள்ளே ஏதோ மேலே போய், விழுந்தது. மறுபடி மேலே போனது. விழுந்தது. தோல் விழுகிற சத்தமில்லை அது.

டிரம்மின் பழைய சுவிட்சைக் கணினி வந்ததும் கழற்றிப் போட்டிருந்தார்கள். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இழுத்தாள்.

ஜன்னலில்லாத கூடத்தில் இருட்டு. டிரம் அரைச்சுற்று போய் நின்றது. வாய் அவள் பக்கம்.

"ஜோஸ்?"

தண்ணீர் சொட்டியது.

"அக்கா... கை குடு."

விளிம்பில் ஒரு கை வந்தது. இரண்டு கைகளாலும் பிடித்தாள். இழுத்தாள். அந்தப் பிடியில் உயிர் இருந்தது.

வெளியே ஜெனரேட்டர் உறுமியது.

கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைப் போடுவது வாட்ச்மேனின் பழக்கம். தினமும்தான் கரண்ட் போகிறது. இன்று மட்டும் அவருக்குச் சந்தேகம் வர என்ன இருக்கிறது? ஜெனரேட்டர் கரண்ட் அவள் இழுத்த மெயின் வழியாக வருவதில்லை, நேராக மோட்டார்களுக்குப் போகும். மாடியில் கணினி பேட்டரியில் விழித்திருந்தது. மோட்டார் நின்றால் உத்தரவைத் திரும்பத் திரும்ப அனுப்பு. அப்படி எழுதி வைத்தவள் அவள்தான்.

"ஜோஸ், கைய விட்டுடு."

அவனுக்குக் கேட்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

டிரம் அசைந்தது. மேல்நோக்கி.

அவள் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின.