ஒளிராத ஏழு வீரர்கள்

என் பெயர் ஜஸ்ரின். வயது இருபத்துநான்கு. குருநகரில் எங்கள் வீட்டு உள்ளறையில், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, இருட்டில் நிற்கிறேன். இன்று கிறிஸ்மஸுக்கு முந்திய இரவு, மார்கழி இருபத்துநான்கு, எட்டரை இருக்கும். அம்மாவும் தங்கச்சியும் பூசைக்குப் போயிருக்கிறார்கள். அம்மாவுக்கு மூன்று தரம் எடுத்தேன். கோயிலுக்குள் போனை அணைத்து வைத்திருப்பார். அதனால் போனைச் சட்டைப்பைக்குள் கவிழ்த்து வைத்து வாயால் சொல்கிறேன். அது எழுதட்டும்.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. யார்மீது என்பது மட்டும் மாறிவிட்டது.

நோர்வேயின் வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே இந்த மாதம் முழுக்கச் சூரியன் எழும்பாது. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடை. ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தக் கடைக்குப் புதிய பொம்மைகள் வரும். வாள் பிடித்த நத்தார் தாத்தா, கவசம் போட்ட பனிமனிதன், கொம்பில் சங்கிலி சுற்றிய கலைமான், எல்லாம் போர்வீரர்கள், எல்லாம் அரைச் சாண் உயரம், எல்லாம் இருட்டில் பச்சையாக ஒளிரும். சாப்பாட்டைக் குறைத்து அறுபத்தொரு பொம்மை சேர்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அத்தனையையும் கொண்டுவந்து இந்த அறையின் சுவர்த் தட்டுகளில் ஐந்து வரிசையாக அடுக்கினேன். இந்த அறைக்கு யன்னல் இல்லை. வெளிச்சம் பட்டுப் பிளாஸ்ரிக் மஞ்சளாகக் கூடாது என்று மின்குமிழையும் கழற்றிவிட்டுத்தான் போனேன்.

நான்கு நாட்களுக்கு முன் வந்து கதவைத் திறந்தபோது, கருவாட்டுச் சாக்கின் மணமும் பழைய சுண்ணாம்பின் ஈர மணமும் முகத்தில் அடிக்க, அந்த இருட்டின் அடியில், நிலத்திலிருந்து என் தலை உயரம் வரைக்கும், வரிசை வரிசையாக அவை பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தன.

அப்படி இருக்கவே முடியாது. இந்தப் பொம்மைகள் தாமாக ஒளிர்வதில்லை. வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, குடித்ததை இருட்டில் கக்கும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. பிறகு செத்துவிடும். அப்படியென்றால் கொஞ்ச நேரத்துக்கு முன் யாரோ உள்ளே நின்று வெளிச்சம் அடித்திருக்கிறார்கள்.

"ஜெசிதா! இஞ்சை வா!"

தங்கச்சிக்குப் பதின்மூன்று வயது. கேக் மாக் கையோடு ஓடிவந்தாள்.

"ஆரடி உதுக்குள்ள லைற் அடிச்சது?"

"நான் இல்லை அண்ணை. எனக்கு அந்த அறை எண்டாலே பயம். நான் போறதே இல்லை."

"அப்ப அதுகள் தானாப் பத்துதோ?"

அம்மா குசினியிலிருந்து வந்தார். "என்னத்துக்கு மோனை பிள்ளையைப் பேசுறாய்? பாலனை வைக்க நான்தான் திறந்தனான். அதுவும் மூண்டு கிழமையாச்சு. திறப்பு என்ரை இடுப்பை விட்டு அசையேல்லை."

அப்போதுதான் கவனித்தேன். நடுவில் ஏழு பொம்மைகள் ஒளிரவில்லை. மேலே ஒன்று, கீழே இரண்டு, அதற்கும் கீழே நான்கு. எனக்குத் தலைக்கு ஏறியது. போலிகள்தான் ஒளிராது. உண்மையானவற்றை விற்றுவிட்டுச் சந்தைப் பொம்மைகளை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். 'கள்ளி' என்றும் சொன்னேன்.

முற்றத்தில் நட்சத்திரக் கூடு கட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு அடைக்கலநாதன் மாமா ஏணியில் நின்றபடி சிரித்தார். "டேய் நோர்வே! நாங்கள் மீனைப் பிடிச்சு வித்து அரிசி வாங்கிறம். நீ மீனை வெட்டி நத்தார் தாத்தா வாங்கிறாய். இப்ப தாத்தாவுக்குக் காவலும் வேணுமோ?"

"நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ மாமா."

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. நத்தாருக்கு நான்கு கிழமைக்கு முன், திருவருகைக் காலம் தொடங்கியதும் மாட்டுக் குடிலைக் கட்டி, அதில் பிறக்கும் குழந்தையான பாலன் சுரூபத்தை மட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி இந்த அறையின் கீழ்த் தட்டில் கிடத்திவிடுவோம். நத்தார் இரவு பூசை முடிந்து வந்ததும் வீடு முழுக்க விளக்கை அணைத்துவிட்டு, வீட்டின் கடைசிப் பிள்ளை தனியே உள்ளே போய், தடவி எடுத்துக்கொண்டு வரவேண்டும். மற்றவர்கள் குடிலடியில் மெழுகுதிரியோடு பாடிக்கொண்டு நிற்பார்கள்.

"பிள்ளை பயந்துபோனாள். இந்த முறை பாலனை நான் எடுக்கிறன்" என்றார் அம்மா.

"இல்லை. அவள்தான் எடுக்கவேணும். என்ரை பொம்மையளுக்கு முன்னாலை தனிய நிக்கட்டும். அப்பதான் உண்மை வரும்."

"சாமி காரியத்துக்குள்ள உன்ரை கோவத்தைக் கொண்டு வராதை."

"அவள் போகாட்டி நான் நாளைக்கே பிளேன் ஏறுவன். பிறகு நத்தாருக்கு என்னைத் தேடாதேங்கோ."

இரண்டு வருடம் காத்திருந்தவர். அம்மா விட்டுக்கொடுத்துக் குசினிக்குத் திரும்பினார்.

மறுநாள் அந்த ஏழையும் முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுக் கைக்குள் பொத்திப் பார்த்தேன். நன்றாக ஒளிர்ந்தன. பாதத்தில் இருந்த முத்திரையும் சரி. ஒன்றும் போலி இல்லை. ஜெசிதா குற்றமற்றவள் என்று தெரிந்தது. ஆனாலும் அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. பொம்மைகளைத் திருப்பி வைத்து, புதிய பூட்டு வாங்கிப் போட்டு, இரண்டு திறப்பையும் என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

நேற்றுப் பின்னேரம் திறந்தேன். மறுபடி ஒளிர்ந்தன. முதல் ஏழும் நன்றாகவே ஒளிர்ந்தன. இந்த முறை வேறு பதினொன்று செத்துக் கிடந்தன. யாரோ கூரை ஓட்டைப் பிரித்து இறங்கி என்னோடு விளையாடுகிறார்கள் என்று பல்லைக் கடித்தேன். பிடித்து நாலு அறை கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

அதனால் இன்று தலையிடி என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகாமல் நின்றேன். பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையோடு ஜெசிதா படியில் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, பூசை முடிஞ்சு வந்து நான்தான் பாலனை எடுப்பன். கதவடியிலை மட்டும் நில்லுங்கோ, என்ன?"

"பேசாமப் போ."

அவ்வளவுதான் சொன்னேன்.

அவர்கள் போனதும் உள்ளே வந்து, இறங்குகிறவன் கதவால் ஓடாதபடி தாழைப் போட்டேன். கதவு தட்டுகளுக்குப் பக்கத்தில். நான் எதிர்ச்சுவரோடு, அரிசிப் பெட்டியின் மேல். நடுவில் நான்கு அடி வெறும் நிலம். கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு கடற்காற்றில் ஏறியும் இறங்கியும் வந்தது, எங்கோ பிள்ளைகள் வெடி கொளுத்தினார்கள், குசினியிலிருந்து கேக்கின் மணம் கதவுக்கீழால் வந்து கருவாட்டு மணத்தோடு கலந்தது, அதற்கிடையில், கதவு திறந்தபோது பட்ட வெளிச்சத்தில் ஒளிர்ந்த பொம்மைகளின் பச்சை மெல்ல மெல்ல வற்றி, கடைசியில் ஒரு கலைமானின் கொம்பு மட்டும் மிஞ்சி, அதுவும் போனது.

கும்மிருட்டு.

யாரும் வரவில்லை. காத்திருந்து எரிச்சல் வந்தது. எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கக் கையிலிருந்த ரோர்ச் விளக்கை அடித்தேன். அறுபத்தொன்றும் இருந்தன. கீழ்த் தட்டில் பாலனின் வெள்ளைத் துணி. அணைத்தேன்.

பச்சை வரிசைகள் எழுந்தன. அவற்றின் நடுவே ஒரு கருப்பு.

மேல் வரிசையில் ஒரு தலையளவு. அடுத்ததில் கழுத்தளவு. அதன் கீழே அகன்ற இரண்டு தோள். நிலம் வரைக்கும்.

வெளிச்சம் படாத பொம்மை ஒளிராது. என் ரோர்ச்சுக்கும் தட்டுக்கும் நடுவில் எதுவோ நின்று மறைத்திருக்கிறது. முதலில் ஏழை. பிறகு பதினொன்றை. இப்போது இதை. அந்த இரண்டு தரமும் வெளிச்சம் எங்கிருந்து வந்ததென்று மட்டும் தெரியாது.

என் நிழலாக இருக்காது. ரோர்ச் எனக்கு முன்னால் இருந்தது.

அப்போதும் கோபம்தான் வந்தது. "ஆரடா அது? வெளியிலை வாடா, நாயே!" என்று கத்தினேன். மறுபடி அடித்தேன். வெறும் நிலம். தட்டு. பொம்மைகள். வேறொன்றும் இல்லை. நான்கு மூலையும் அடித்தேன். பெட்டிக்குக் கீழேயும் அடித்தேன். தட்டுக்கு நேரே பிடித்து அணைத்தேன்.

கருப்பு பெருத்திருந்தது. தலை இரண்டு வரிசையை மூடியது. தோள்கள் இரண்டு சுவரையும் தொட்டன. ஓரத்தில் மட்டும் சில பனிமனிதர்கள் பச்சையாக நின்றார்கள்.

விளக்குக்குக் கிட்டக் கை வைத்தால் சுவரில் நிழல் பெருக்கும்.

அது வளரவில்லை. கிட்ட வந்திருக்கிறது.

அப்போதுதான் அம்மாவுக்கு எடுத்தேன். மூன்று தரம். கதவுக்குப் போகவேண்டுமென்றால் அந்த நான்கு அடியைக் கடக்கவேண்டும். பெட்டியை விட்டிறங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஈரத் துணி மணத்தது. முகத்துக்கு நேரே.

மூன்றாம் தரம் அடித்தேன். வெளிச்சத்தில் எல்லாம் தெரிந்தன. வாள்கள். கொம்புகள். வெள்ளைத் துணி. பத்து எண்ணினேன். அணைத்தேன்.

ஒன்றும் ஒளிரவில்லை.

அறுபத்தொன்றில் ஒன்றுகூட இல்லை.

ரோர்ச் இன்னும் கையில்தான் இருக்கிறது. இனி அடிக்கமாட்டேன். போனையும் வெளியே எடுக்கமாட்டேன், இதை அனுப்பும் ஒரு கணம் தவிர. வெளிச்சம் விட்டால்தான் அது எங்கே நிற்கிறதென்று தெரியும். எனக்குத் தெரியவேண்டாம்.

பாட்டு நின்றுவிட்டது. பூசை முடிந்துவிட்டது. இப்போது கோபம் என்மீதுதான், ஜெசிதாவைத் தனியே உள்ளே வரச் சொன்னவன் நான்.

படலை திறக்கும் சத்தம். அம்மாவின் செருப்பு. ஜெசிதா ஏதோ பாடிக்கொண்டு வருகிறாள். கதவுக்கீழால் இப்போதுதான் விழுந்த விறாந்தை வெளிச்சம் வழக்கப்படி அணைகிறது. நான் கத்துகிறேன். எனக்கே கேட்கவில்லை. சட்டைப்பையிலுள்ள போனுக்கு எட்டும் முணுமுணுப்பு மட்டும்தான் வருகிறது. வாய்க்கு முன்னால் ஏதோ இருக்கிறது.

தாழ் இழுபடுகிறது.

மெதுவாக. உள்ளிருந்து.

நான் எதிர்ச்சுவரோடுதான் நிற்கிறேன்.

அம்மா, மாமா, யார் முதலில் இதை வாசித்தாலும், ஜெசிதாவை உள்ளே விடாதீர்கள். அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.