ஐயாவின் காரியம்

உடையார்பாளையத்தில் முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்யும் மணிவண்ணன், அரியலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மரியசூசையின் மாடி அலுவலகத்துக்குக் காய்ந்த ரோஜா மாலையும் கையுமாக வந்து நின்றார்.

"கொண்டுவந்ததுதான் கொண்டுவந்தீங்க, புதுசா வாங்கியிருக்கக் கூடாதுங்களா சார்?" என்றார் உதவியாளர் கலைச்செல்வன், கூச்சத்தோடு காலரைச் சரிசெய்தபடி.

"உங்களுக்கில்ல. எனக்குப் போட வந்தது. தடயமா வச்சிருக்கேன்."

மரியசூசை ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். மாப்பிள்ளைகள் சொல்லும் சம்பளம் உண்மைதானா என்று பெண் வீட்டாருக்கு இப்போது விசாரித்துச் சொல்கிறார். ஆகவே எதற்கும் அதிர்ச்சியடைவதில்லை. "உக்காந்து சொல்லுங்க" என்றார்.

"போன திங்கக்கிழமை பெரம்பலூர்லேர்ந்து கஸ்டமருங்க வேன் புடிச்சு வந்துட்டாங்க. மெயில்ல பழக்கம், மொகம் தெரியாது. கதவத் தொறந்தா, ஒருத்தர் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நீங்க அவருக்கு என்ன வேணும்'னு அழுவுறார்."

நிறுவனத்தில் விற்பனைக்கென்று ஒரு பொது மின்னஞ்சல் முகவரி உண்டு. முதலாளியும் திறக்கலாம், அலுவலகத்தாரும் திறக்கலாம். அதற்கு எழுதியவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை முதல் ஒரு விடுப்புப் பதில் தானாகவே போயிருந்தது. மணிவண்ணன் அதைக் காட்டினார்.

'எம்.டி. ஐயாவின் காரியம் ஞாயிறன்று சென்னையில் சிறப்பாக நடைபெற உள்ளது. அது முடிந்த பின்பே தங்களுக்குப் பதில் கிட்டும். பொறுத்தருள்க.'

கலைச்செல்வனின் சிரிப்பு இருமலாக வெளியே வந்தது.

"காரியம்னா கருமாதின்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். அந்த மெயில் பொட்டியப் பாத்துக்கறது தேவயானின்னு ஒரு பொண்ணு. வெள்ளிக்கிழமை மாமனாருக்குக் காரியம்னு லீவு கேட்டுச்சு. மொறைச்சுக்கிட்டேதான் குடுத்தேன். அந்தக் கோவத்துல இப்படிப் பண்ணிருச்சு. எல்லார் முன்னாடியும் சொல்லி வேலைய விட்டு நிறுத்திட்டேன், கஸ்டமருங்களுக்கும் அது பேரச் சொல்லி எழுதியாச்சு. இப்ப அது புருஷன் வந்து அத்தாட்சி கேக்குறான். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுத்தாப் போதும்."

அப்போது அவர் கைபேசி ஒலித்தது. "ஐயா மீட்டிங்ல இருக்காரு, அப்புறம் பேசு" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வைத்தார்.

"வெளியூர் போனப்ப நீங்க லீவு பதில் எதுவும் போடலீங்களா?" என்றார் மரியசூசை.

"போட்டேனே. போன்லயே, என் சொந்த அட்ரஸ்ல. பொதுப் பொட்டிய நான் தொடுறதேயில்ல. சென்னையில எனக்குத் தொழில் வேந்தர் விருது."

விண்ணப்பித்த எல்லோருக்கும் தரும் விருது அது. மேடை கொள்ளாமல் பல வேந்தர்கள் படிக்கட்டில் நின்று வாங்கினார்கள்.

மறுநாள் மரியசூசையும் கலைச்செல்வனும் உடையார்பாளையம் போனபோது, மணிவண்ணனின் கொட்டகையில் பெண்கள் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. காதுகள் மட்டும் வேலையை விட்டிருந்தன. மணிவண்ணன் கணினி மேசையருகே நின்றார். வரச்சொல்லியிருந்த தேவயானி உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள்.

"நீதானம்மா போட்டே? ஒத்துக்கிட்டா முடிஞ்சுரும்" என்று பாய்ந்தார் கலைச்செல்வன்.

"நான் போடலைங்க. ஜெயங்கொண்டத்துல ஒரு கடையில வேலை கேட்டேன். 'மொதலாளியச் சாகடிச்ச பொண்ணு நீதானா'ன்னு சிரிச்சே அனுப்பிட்டாங்க."

மரியசூசை நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "சனிக்கிழமை வேலைக்கு வந்தீங்களாம்மா?"

"வந்தேங்க. கேட்டவங்களுக்கெல்லாம் ரேட்டு எழுதி அனுப்பினேன். இந்தப் பதில் போறதே எனக்குத் தெரியாது. எழவு வூட்டுல ஒக்காந்து வெலை பேசுறாளேன்னு ஏசியிருக்காங்க. ஒரு சந்தேகம் கேட்டு சாரோட சொந்த மெயிலுக்கும் எழுதினேன்."

"அங்கேர்ந்து தானாப் போற லீவு பதில் வந்துச்சா?"

"ஒண்ணுமே வரலைங்க."

மரியசூசை கலைச்செல்வனைப் பார்த்தார். "காரியத்தை யாராச்சும் 'சிறப்பாக நடைபெறும்'னு எழுதுவாங்களா? அந்த வாரந்தான் மாமனாருக்குக் காரியம் பண்ண பொண்ணு நிச்சயமா எழுதாது. விழாதான் சிறப்பா நடக்கும். இத எழுதுனவர் மனசுல சாவே இல்லப்பா. 'வேலையாப் போறேன்'னு போட்டா மதிப்புக் கொறைஞ்சுருமேன்னு 'காரியம்'னு போட்டுட்டார்."

"யாரு சார் அது?"

"ஏம்மா, இங்க முதலாளிய என்னன்னு கூப்புடுவீங்க?"

"சாருன்னுதாங்க" என்றார்கள் பெண்கள், குனிந்தபடியே.

"ஐயான்னு சொல்றவர் ஒருத்தர்தான். நேத்து அவர் போன் பேசினப்ப நம்ம ரெண்டு பேரும் கேட்டோம். அவர் லீவு பதில் போட்டதும் நெசம். ஆனா தேவயானி சொந்த மெயிலுக்கு எழுதியும் அது வரல. அப்ப அவர் போட்டது எங்க போச்சு? அவர் போன்ல ரெண்டு அட்ரஸும் இருக்கு. மாத்திப் போட்டுட்டார்."

மணிவண்ணனின் காது நுனி சிவந்தது. "உள்ள போய்ப் பேசலாமே" என்றார் மெதுவாக.

"என்னைய இங்க நிக்க வச்சுத்தான சார் சொன்னீங்க" என்றாள் தேவயானி.

முந்திரி உடைக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

"மாலை வந்த அன்னைக்கே தெரியும். எனக்கு நானே கருமாதிப் பத்திரிகை அடிச்சேன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு" என்று மணிவண்ணன் தரையைப் பார்த்துச் சொன்னார். கலைச்செல்வனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதாம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வந்துரு" என்றார் மணிவண்ணன்.

"மொதல்ல போனக் குடுங்க சார்."

கொடுத்தார். அவள் பொது முகவரியை அதிலிருந்து எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "என் பேரச் சொல்லி யாருக்கெல்லாம் எழுதினீங்களோ, அத்தன பேருக்கும் இப்ப எழுதணும்."

"நீயே அடிச்சுரும்மா, சொல்றேன்."

"நான் அடிச்சா நானே எழுதிக்கிட்டேன்னுதான் சொல்லுவாங்க. நீங்களே அடிங்க சார். இவங்களும் பாக்கட்டும்."

மணிவண்ணன் கணினி முன் உட்கார்ந்தார். பெண்கள் எழுந்து வந்து, கையில் முந்திரி ஓட்டுப் பால் கறையோடு பின்னால் நின்றார்கள். எழுதவேண்டிய முதல் சொல் அவள் பெயர். அவர் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு விசைகளின் மேல் 'தே'க்கு வேண்டிய 'த'வைத் தேடினார். எங்கே இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை.