மைனா தெரு, முதல் வீடு

குடியிருப்பில் ஒன்பது தெருக்கள். பழைய குடிசைகள் எரிந்த அன்று செத்துப்போன ஒன்பது பேரின் பெயர்களைத்தான் அவற்றுக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு நாற்பதாம் ஆண்டு மலருக்கு எழுதும் வேலை நூலகர் தலையில் விழுந்தது. எட்டுத் தெருவை முடித்துவிட்டாள். மிச்சம் மைனா தெரு.

உச்சிவெயிலில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஜன்னல் இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அவள் நிழல் தரையில் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் கதவு திறந்தது.

வாயாடித்தனத்துக்காக மைனா என்று பட்டப்பெயர் வாங்கியவளின் அக்கா, எழுபதைத் தாண்டிய கிழவி. ஊருக்குத் தெரிந்ததையே ஒப்பித்தாள். கரிக்கட்டையாய்க் கிடந்த தங்கையை அவள்தான் அடையாளம் காட்டினாளாம். செத்தவர்களின் குடும்பத்துக்கென்று கொடுத்த வீடாம் இது.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக.

நூலகர் எழுந்தாள். கிழவி அவள் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் தோலில் இறங்கியது.

"திறக்காத."

"யாரும்மா அது?"

"அவதான்."

பிறகு கிசுகிசுப்பாக எல்லாம் வெளியே வந்தது. செத்தது வேறு யாரோ. வெந்த முகத்தோடு எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் பேச்சின்றிக் கிடந்த மைனா, ஏழாம் மாதம் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குள் தெருவுக்குப் பெயர்ப்பலகை வைத்தாகிவிட்டது. அவள் உயிரோடிருந்தால் வீடு கைவிட்டுப் போகும். அதனால், யாரென்றே தெரியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள் அக்கா. மூன்று நாள் மழையில் வாசலிலேயே கிடந்தாள் மைனா. தெருவே பார்த்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

"அனாதைப் பொணம்னு எழுதிக்கிட்டுத் தூக்கிட்டுப் போனாங்க. அவ பேர் வச்ச தெருவுலயே."

மறுபடி தட்டல்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி."

தாகத்தில் தவிக்கும் பெண்குரல். பட்டப்பகல். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்த நூலகர், கையை உதறிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து படியில் இறங்கினாள்.

தெருவில் ஈ காக்கை இல்லை.

ஈரமான தோளொன்று அவளை இடித்துக்கொண்டு உள்ளே போனது.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கிழவி கத்தவில்லை. "வா" என்றாள், ஒரே ஒரு முறை.

நூலகர் கதவில் மோதினாள். உதவிக்குக் கூவினாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு தானாகத் திறந்தது. கிழவி தரையில் கிடந்தாள். வாய் நிறைய ஈரச் சாம்பல்.

நூலகர் நடந்ததை எல்லாம் மறைக்காமல் எழுதிக் கொடுத்தாள். விழாக்குழு அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டது. 'தீயில் மாண்டவள்' என்றே மலரில் அச்சானது.

பூட்டிக் கிடந்த வீட்டை இரண்டு மாதம் கழித்து வேறு குடும்பத்துக்கு ஒதுக்கினார்கள். சாவியோடு வந்த குமாஸ்தா பூட்டைத் திறந்தார். கதவு அசையவில்லை.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கே" என்றார் விளங்காமல். தோள் கொடுத்துத் தள்ளினார்.

உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.