அஞ்சு, கடைசி

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. மலையடிவாரத்தில், பூட்டிக் கிடந்த பெட்ரோல் பங்கின் கூரைக்கு அடியில் நான்கு சைக்கிள்கள் வந்து நின்றன. பேசினால் வார்த்தைக்கு முன்னால் புகை வந்தது. மெக்கானிக் குனிந்து ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் அழுத்திப் பார்த்தான்.

குளிர்காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரேக் கம்பியைத்தான். கம்பி ஓடும் உறைக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போதும். அடிவாரத்தில் அது தண்ணீர், உச்சியில் பனிக்கட்டி. பிடியை எவ்வளவு நெரித்தாலும் கம்பி நகராது. அதனால் முந்தின நாள் மாலை மற்ற மூவரின் உறைகளையும் காயவைத்து எண்ணெய் விட்டிருந்தான். தன்னுடையதைக் கழுவியதோடு சரி.

“ஊரார் வண்டிக்கெல்லாம் எண்ணெய், உன் வண்டி மட்டும் அநாதையா மாப்ளே?” என்றார் மாமா. மெக்கானிக்கின் அக்கா கணவர், பேக்கரி வைத்திருப்பவர். ஒட்டகம் என்று பெயர் வாங்கிய நெட்டை எலெக்ட்ரீஷியன் சிரித்தான். கூட்டத்துக்குத் தலைவியான கணக்கு டீச்சர் கையுறையைத் தட்டி, நேரமாகிறது என்றார்.

போன வருடம் இதே வாரத்தில் ஐந்து பேர் வந்திருந்தார்கள்.

பனிமூட்டத்தில் விளக்கை எவ்வளவு பிரகாசமாக எரியவிட்டாலும் பயனில்லை. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, எதிரில் ஒரு வெள்ளைச் சுவராக நிற்கும். அதனால் அந்த மலையில் அவர்கள் கண்ணை விட்டுக் காதை நம்பினார்கள். ஒவ்வொரு வளைவிலும் டீச்சர் நின்று “ஒண்ணு” என்பார். அடுத்தடுத்து மற்றவர்கள் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். வரிசையின் முடிவில் வருபவர் எண்ணோடு ‘கடைசி’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராவிட்டால், பின்னால் இன்னும் ஆள் இருக்கிறது என்று பொருள். அது காதில் விழாமல் டீச்சர் நகரமாட்டார்.

போன வருடம் கடைசி ஆள் கம்பவுண்டர். எதைச் சொல்வதற்கு முன்பும் இரண்டு முறை தொண்டையைக் கனைப்பவர். இறங்கும்போது, மேலிருந்து ஏழாவது வளைவில், மெக்கானிக் “நாலு” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தான். பின்னாலிருந்து சத்தமில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஏறும்போது நனைந்த சட்டை, இறங்கும் காற்றில் ஈரத்துணியாக முதுகில் ஒட்டியிருந்தது. ‘மனுஷன் கனைத்து முடிப்பதற்குள் நான் செத்துப்போவேன்’ என்று நினைத்துக்கொண்டு அவனே அவசரமாகச் சொன்னான்:

“அஞ்சு, கடைசி.”

காற்றிரைச்சலில் அது யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. டீச்சர் கிளம்பிவிட்டார்.

அன்று ஏழுக்குக் கீழே பனிமூட்டம் இல்லாததால் அப்புறம் எண்ணவில்லை; அடிவாரத்தில்தான் ஆள் குறைவது தெரிந்தது. ஏழாவது வளைவில் குரல் கேட்டதே, அப்படியென்றால் அதற்குக் கீழேதான் விழுந்திருப்பார் என்று எல்லோரும் அங்கே தேடினார்கள். கணக்கு சரிதான். அவர் கிடந்ததோ ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். விழுந்ததில் உடைந்தது கால் மட்டும், உயிரை எடுத்தது குளிர் என்றார் டாக்டர். இரண்டு மணி நேரம் முன்னால் கண்டுபிடித்திருந்தால்... என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் கம்பவுண்டரின் மனைவி மெக்கானிக்கின் கடைக்கு வந்தார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

“கடைசியா அவர் குரல் எப்படிப்பா இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சு அக்கா.”

அந்தப் பதில் ஒரு வருடமாக அவன் தொண்டையில் முள்ளாக நின்றது. இன்று உச்சியில் வைத்து மூவரிடமும் சொல்லிவிடுவது, இறங்கியதும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தான்.

ஏறினார்கள். சங்கிலி பல்லில் விழும் சத்தமும் மூச்சும் தவிர மலையில் எதுவும் இல்லை. ஈர மண்ணின் வாசனையோடு லேசாக ஸ்பிரிட் வாசனை வந்தது, ஊசி போடும் முன் பஞ்சில் நனைத்துத் தடவுவார்களே, அது. கீழிருந்து மூன்றாவது வளைவில் டீச்சர் நின்றார்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.

“நாலு, கடைசி” என்றான் மெக்கானிக்.

அவன் முதுகுக்குப் பின்னால், அவசரமாக, ஒரு குரல்.

“அஞ்சு, கடைசி.”

யாரும் அசையவில்லை. பிறகு மேலேயிருந்து டீச்சர் சொன்னார். “இதுல விளையாடாதேப்பா. இன்னைக்கு வேண்டாம்.”

“நான் சொல்லலை டீச்சர்.”

“உன் குரல்தானே மாப்ளே” என்றார் மாமா, தாழ்ந்த குரலில்.

அவனுடைய குரல்தான். அவனுக்கும் தெரிந்தது.

உச்சியில் காற்று மட்டும் இருந்தது. டீச்சர் பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். கம்பவுண்டருக்காக ஒரு நிமிடம் நிற்கலாம் என்றார். நின்றார்கள். அந்த ஒரு நிமிடம் முடிந்தபோது மெக்கானிக் வாயைத் திறந்தான்.

“அன்னைக்கு ஏழாவது வளைவுல...”

மூவரும் திரும்பினார்கள். ஒட்டகத்தின் கண் கலங்கியிருந்தது. கம்பவுண்டருக்கு அவன் பிள்ளை மாதிரி.

“என்ன?” என்றார் டீச்சர்.

“ஒண்ணுமில்ல. இறங்கினதும் சொல்றேன்.”

இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை. பின்சக்கரத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கொக்கிகள் பல்மேல் தாவித் தாவி ‘டிக்டிக்டிக்’ என்று ஓடும். வண்டிக்கு வண்டி அந்தச் சத்தம் வேறு. இருட்டில் எந்த வண்டி எங்கே போகிறது என்று மெக்கானிக் காதாலேயே சொல்லிவிடுவான். டீச்சருடையது மெல்லியது. மாமாவுடையது கரகரப்பு. ஒட்டகத்துடையது விட்டு விட்டு. தன்னுடையது வெட்டுக்கிளி மாதிரி.

ஆறாவது வளைவைத் தாண்டியதும் பின்பிரேக்கை அழுத்தினான்.

பிடி நகரவில்லை.

கை வலிக்க நெரித்தான். கல்லை நெரித்தது போல இருந்தது. முன்பிரேக்கைத் தொட்ட கணத்தில் ஈரச்சாலையில் சக்கரம் வழுக்கியது. வெள்ளைச் சுவர் திறந்து அவனை உள்ளே வாங்கிக்கொண்டது.

கண் திறந்தபோது பள்ளத்தில் மல்லாந்து கிடந்தான். இடது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வண்டி அருகே தலைகீழாகக் கிடக்க, அதன் சக்கரம் சுற்றி ஓய்ந்தது. சாலை மலையைச் சுற்றித் திரும்புவதால் ஏழாவது வளைவு அவனுக்கு நேர் கீழே இருந்தது. கூப்பிடு தூரம்தான். ஒரு வார்த்தை போதும்.

“ஒண்ணு” என்றார் டீச்சர்.

“ரெண்டு.”

“மூணு.”

பிறகு அமைதி. அவனுக்காகக் காத்திருக்கும் அமைதி. அவன் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

புகை வந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடியும் கத்தினான். தொண்டை நரம்புகள் புடைத்தன. எச்சில் இரும்பாகக் கசந்தது. வெறும் புகை.

கீழேயிருந்து, அவசரமாக, அவனுடைய குரல் சொன்னது.

“நாலு, கடைசி.”

“சரி, போகலாம்” என்றார் டீச்சர்.

டிக்டிக்டிக். மெல்லியது ஒன்று. கரகரப்பு ஒன்று. விட்டு விட்டு ஒன்று. அவற்றின் பின்னால், நிதானமாக, வெட்டுக்கிளி.

அவன் தன் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான். அது அசையாமல் நின்றது.

விரல்களால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு சாலைப் பக்கம் நகரப் பார்த்தான். ஒரு சாண்கூட நகரவில்லை. எட்டாவது வளைவில் எண்கள் மங்கலாகக் கேட்டன; கடைசியில் அவன் குரல். ஒன்பதாவதில் இன்னும் மங்கல். ஒவ்வொரு வளைவிலும் அது தவறாமல் சொல்லும். அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் தேடுவார்கள், குரல் கடைசியாகக் கேட்ட இடத்துக்குக் கீழே. கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

சட்டை முதுகில் ஈரத்துணியாக ஒட்டியது. நடுக்கம் குறைய ஆரம்பித்தது. குளிரில் நடுக்கம் நிற்பது நல்லதல்ல என்று கம்பவுண்டர்தான் ஒருமுறை சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஸ்பிரிட் வாசனை வந்தது.

காதுக்கு மிக அருகில், யாரோ இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்கள்.

“அஞ்சு.”

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான். ‘கடைசி’ என்று அந்தக் குரல் சொல்லவில்லை.

சற்றுத் தள்ளி, பனிமூட்டத்துக்குள், இன்னொருவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது.