விக்கல் கோடு

ஓவியப் பிரிவில் படிக்கிற பிள்ளைகள் காலையில் பெயர் சொல்லி வருகை கொடுக்க வேண்டியதில்லை, ஒரு கோடு போட்டால் போதும். வகுப்புக் கதவுக்குப் பக்கத்தில், சிலேட்டு அளவில் ஒரு தடப்பலகை சுவரில் பதித்திருந்தது. அதில் தொங்கும் பேனாவை எடுத்து நெளிவாக ஒரு கோடு இழுத்தால், அழுத்தம், வேகம், வளைவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, யாருடைய கை என்று பலகையே சொல்லிவிடும். பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டது. தூக்கக் கலக்கத்தில்கூடக் கோடு போட்டுவிட்டு உள்ளே போவார்கள்.

அன்றைக்கு ரெமிலா கோடு போட்டாள். "ரெமிலா, வருக" என்றது பலகை. அவளுக்குப் பின்னால் நின்ற இசக்கி பேனாவை வாங்கித் தன் கோட்டைப் போட்டாள். பலகை கொஞ்சம் யோசித்தது.

"ரெமிலா ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதல் நாள் சிரித்த அளவுக்கு இல்லை, தினமும் நடக்கிற கூத்துக்கு எவ்வளவுதான் சிரிப்பது? உள்ளே இருந்த பியூலா டீச்சர் எழுந்து வந்து கதவைக் கையால் திறந்துவிட்டார்.

"வா இசக்கி. தவணை முடியிற வரைக்கும்தான். பெறவு எல்லாம் சரியாயிரும்."

"சரி டீச்சர்" என்று இசக்கி குனிந்த தலையோடு வந்து, ரெமிலாவுக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். ரெமிலா பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். பையில் தேடுவதற்கு ஒன்றும் இல்லை. இசக்கியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எந்திரங்கள் கேட்ட மாத்திரத்தில் படம் போடக் கற்றுக்கொண்ட பிறகு, உலகத்தில் படங்கள் கொட்டிக் கிடந்தன. கொட்டிக் கிடப்பதை யார் மதிப்பார்கள்? கொஞ்ச காலம் கழித்து, மனிதக் கை போட்ட படம்தான் வேண்டும் என்று ஜனங்கள் தேட ஆரம்பித்தார்கள். அப்படி வந்ததுதான் கைச்சான்று. பதினோராம் வகுப்பில் ஒவ்வொருவரும் தன் கோட்டைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு அவர் எங்கே வரைந்தாலும் அந்தக் கோட்டை வைத்துத்தான் அடையாளம். டாக்டர் வேலையையும் இஞ்சினியர் வேலையையும் எந்திரமே பார்த்துக்கொண்டதால், கணக்குப் பாடத்தைச் சீந்துவார் இல்லை. தூத்துக்குடியில் ஓவியப் பிரிவில் சீட் கேட்டுத் தலைமையாசிரியர் அறை வாசலில் பெற்றோர்கள் தவம் கிடந்தார்கள்.

சட்டம் சின்னதுதான். ஒரு கோட்டுக்கு ஒரு கை. இரண்டு பேருடைய கோடு ஒன்றுபோல இருந்தால், முதலில் பதிந்தவருக்கே அது சொந்தம். அடுத்தவர் 'ஒத்த கை'. ஒத்த கைக்கு ஒரு தவணை உண்டு. அதற்குள் கையை மாற்றிப் புதுக்கோடு பதிய வேண்டும், இல்லையென்றால் ஓவியப் பிரிவை விட்டே போக வேண்டும். பழைய காகிதங்களைக் கொண்டுபோய்க் காட்டினாலும் செல்லாது. காகிதத்தில் யாரும் எதையும் எந்தத் தேதியிலும் வரைந்திருக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. அதை வகுப்பில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, ரெமிலாவைத் தவிர. தவணை முடிவதற்குள் முதலில் பதிந்தவர் பலகையிடம் "இது என் கோடு இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், கோடு அடுத்தவருக்குப் போய்விடும். சொன்னவருக்கு மறுபதிவு கிடையாது. தவணை முடிந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அந்தப் பலகையை ரெமிலா தினமும் காலையில் தாண்டித்தான் உள்ளே வந்தாள்.

இசக்கிக்குச் சின்ன வயதில் வேன் கதவில் விரல் நசுங்கியது. பேனாவைப் பிடிக்கிற ஆள்காட்டி விரல்தான். கோடு வளைவில் இறங்கும்போது விரல் சுண்டி வலிக்கும், அவள் பேனாவைச் சற்றே தூக்கி, மறுபடி வைப்பாள். கோட்டில் ஒரு மயிரிழை இடைவெளி விழும். எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் அதற்கு 'விக்கல்' என்று பெயர் வைத்தார்கள். "இசக்கி கோட்டுக்குத் தண்ணி குடுங்கட்டி" என்று கேலி செய்வார்கள்.

ரெமிலா கேலி செய்ததில்லை. இசக்கி ஆடு வரைந்தால் அவள் வாய் பார்த்துக்கொண்டிருப்பாள். காதின் வளைவில் அந்த விக்கல் விழுந்ததும், ஆடு அப்போதுதான் ஈயை விரட்டிக் காதை அசைத்தது போல இருக்கும். ரெமிலாவின் ஆடுகள் பொம்மைக் கடையில் வாங்கினவை மாதிரி நிற்கும். அவள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விக்கலைப் போட்டுப் பார்த்தாள். முதலில் வரவில்லை, பிறகு வந்தது, அப்புறம் நினைக்காமலே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தியுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பதிவு நாளில் வருகை வரிசைப்படி இசக்கிதான் முன்னால் நின்றாள். ரெமிலா அவள் தோளைத் தொட்டாள். "ஏட்டி, எனக்கு ஒரு மாதிரி வருது. நான் முதல்ல போயிட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாள். "போயிட்டு வாட்டி, அதுக்கென்ன" என்று இசக்கி விலகி நின்றாள். பதிவு அறைக்குள் ரெமிலா பேனாவை எடுத்தாள். தன் பழைய கோட்டைத்தான் போடுவதாக நினைத்துக்கொண்டு போனாள். வளைவு வந்தது. விக்கலைப் போடாமல் விட்டிருக்கலாம், ஒரு நொடி அவகாசம் இருந்தது. அவள் போட்டாள். தெரிந்தேதான் போட்டாள்.

எந்திரம் அவளை வானளாவப் புகழ்ந்தது. வளைவில் 'அரிய இடைமூச்சு' இருப்பதாக அறிக்கை வந்தது. விக்கல் என்று ஊர் சிரித்ததற்கு எந்திரம் வைத்த பெயர் அது. அடுத்து உள்ளே போன இசக்கி ஒத்த கையாகி வெளியே வந்தாள்.

இதில் ரெமிலாவை உள்ளுக்குள் அறுத்தது வேறு ஒன்று. அந்த வாரமே இசக்கி அவளைத் தேடி வந்து மன்னிப்புக் கேட்டாள்.

"ஒன்கிட்ட எப்பிடிச் சொல்லன்னே தெரியல, ரெமி. ஒன் கை எனக்கு ஒட்டிக்கிட்டு போல. வேணும்னு செய்யலட்டி."

"அது ஒன் வெரலு அடிபட்டதுல வந்ததுல்லா?" ரெமிலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். டாக்டர் மிஷின் பாத்துட்டு, வெரலு எப்பவோ சரியாயிட்டுங்குது. வலி இல்லாம விக்குதுன்னா அது ஒன்கிட்ட இருந்துதான வந்திருக்கணும்? மிஷின் பொய் சொல்லாதுல்லா."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ரெமிலாவுக்குத் தன் அப்பா உப்பளத்து எந்திரங்களுக்குக் காவல் இருந்து, இவளுக்கு இந்த சீட் வாங்க யார் யாரிடமோ கெஞ்சியது நினைவுக்கு வந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி, விடு" என்றாள். இசக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லவட்டி" என்றாள்.

பிறகு திருத்துவளையம் வந்தது. விரலில் மாட்டிக்கொள்கிற மெல்லிய வளையம் அது. வளைவில் பேனா தூக்கினால் சுரீரென்று ஒரு அதிர்வு கொடுக்கும். இசக்கி தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மாட்டிக்கொண்டு வளைவு வளைவாகப் போட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று அவள் கேட்டதே ரெமிலாவைத்தான். ரெமிலாவும் உட்கார்ந்தாள். "இப்ப தூக்கிட்டே" என்பாள். "இப்ப தூக்கல" என்பாள். இசக்கி நன்றாகத் தேறி வருவதாக டீச்சர் பாராட்டினார்.

ஒரு காலையில் ரெமிலா பலகை முன் நின்று விக்கல் இல்லாமல் கோடு போட்டாள். தானும் அதை விட்டுவிட்டால் பாவம் கொஞ்சம் குறையும் என்று ஒரு அசட்டு எண்ணம். "மீண்டும் முயலவும்" என்றது பலகை. மறுபடியும் அப்படியே போட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. பின்னால் வரிசை நீண்டது, யாரோ உச்சுக் கொட்டினார்கள். "இது என் கோடு இல்லை" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் விக்கலோடு ஒரு கோடு போட்டாள். "ரெமிலா, வருக."

தவணையின் கடைசி நாளில் இசக்கி மறுபதிவுக்குப் போனாள். அன்று ரெமிலா காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டாள். உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது.

அடுத்த நாள் இசக்கி கோடு போட்டபோது பலகை யோசிக்கவே இல்லை. "இசக்கி, வருக" என்றது. வகுப்பே கை தட்டியது. பியூலா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இசக்கி ஒரு டப்பா நிறைய மக்ரூன் வாங்கி வந்திருந்தாள். முதல் துண்டை ரெமிலாவிடம்தான் நீட்டினாள்.

"நீ இல்லன்னா நான் தேறியிருக்க மாட்டேன். எடுத்துக்கோ."

ரெமிலா அதை வாயில் போட்டாள். முந்திரியும் சர்க்கரையும் நாக்கில் கரைந்தன. எல்லாரும் சாப்பிடப் போகும் வரை காத்திருந்து, காலியான வகுப்பில் இசக்கியை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அது என் கோடு இல்ல இசக்கி. ஒன்னோடது. எட்டாவதுல இருந்து ஒன்னையப் பாத்துப் பாத்து வீட்டுல போட்டுப் பழகினேன். அன்னைக்கு ரூமுக்குள்ள தெரிஞ்சேதான் போட்டேன். நேத்து வரைக்கும் நான் பலகைகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒனக்குத் திரும்பக் கெடச்சிருக்கும். சொல்லல. சீட்டு போயிரும்னு பயந்து சொல்லல."

இசக்கி டப்பாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"அப்ப அது என் வெரலுதானா?"

"ஆமா."

"நான் ஒன்கிட்ட மன்னிப்புல்லாம் கேட்டேன்லா."

ரெமிலா அழுதாள். அழக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே டீச்சர்ட்ட போயிச் சொல்லுதேன்."

"சொல்லி என்ன செய்ய? தவணதான் முடிஞ்சிட்டே. ஒன் கையும் போவும். எனக்கா வரப் போவுது?" இசக்கியின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரெமிலா பிழைத்திருப்பாள்.

இசக்கி ரெமிலாவின் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினாள். பென்சிலை எடுத்து ஆடு வரைந்தாள். முதுகு, கழுத்து, தாடை, காது. காதின் வளைவில் பென்சில் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆடு பொம்மைக் கடை ஆடாக நின்றது. பக்கத்தில் இன்னொன்று வரைந்தாள், வளைவில் வேண்டுமென்றே பென்சிலைத் தூக்கினாள். அது காதில் விழுந்த ஒரு ஓட்டையாகத்தான் தெரிந்தது. மூன்றாவதாக ஒரு காதை மட்டும் போட்டுப் பார்த்தாள். விரலை நீட்டி மடக்கி, எங்காவது வலிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். எங்கேயும் வலிக்கவில்லை.

அவள் பென்சிலைத் திருப்பி ரெமிலாவின் பக்கம் நீட்டினாள்.

"நான் எப்பிடி வரைவேன்? போட்டுக் காட்டு."

ரெமிலா தலையை ஆட்டி மறுத்தாள். இசக்கி பென்சிலை நீட்டியபடியே இருந்தாள். வேறு வழியில்லாமல் ரெமிலா வாங்கி, தாளின் ஓரத்தில் ஒரு ஆட்டை வரைந்தாள். காதின் வளைவு வந்தபோது விக்கல் தானாக வந்து விழுந்தது. ஆடு ஈயை விரட்டியது.

இசக்கி தாளைத் தன் பக்கம் இழுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மறுபடி ரெமிலாவின் முன்னால் வைத்து, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடு" என்றாள். "மெதுவா. எங்க எடுத்து எங்க வைப்பேன்னு எனக்கு மறந்துட்டு."