இடது காதோரத் தழும்பு

"டாக்டர் மேல கேஸ் போடணும். அதுக்கு ஆதாரம் வேணும்," என்றார் வந்தவர், உட்காருவதற்கு முன்பே.

அறுபதைத் தாண்டியவர். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. தையற்கடையில் மனைவி துணி வெட்டித் தைக்க, அவர் முன்கூடத்தில் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் அந்த மனைவிக்கு, தொய்ந்த முகத்தை இழுத்துச் சீராக்கும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவர் நீட்டிய புகைப்படத்தில், வலது காதருகே தழும்பைத் தேடினாலும் கிடைக்கவில்லை. இடது காதுக்கு முன்னால் மட்டும் சிவப்புக் கயிறு ஒட்டினாற்போல் தடித்திருந்தது.

"ஒரே டாக்டர், ஒரே நாள், ஒரே நூல். ஒரு பக்கம் மட்டும் எப்படிங்க கெடும்?"

அண்ணி பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் இருபது வருடம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவர். ஓய்வுக்குப் பின் அதே வேலையை வீட்டு முன்னறையில் செய்கிறார். அவரது உதவியாளன் அவருடைய கொழுந்தன். வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவான், பெரும்பாலும் தப்பாக.

"ஆபரேஷன் எதுக்கு?" என்றார் அண்ணி.

"பொண்ணு வர்றா, இன்னும் மூணு மாசத்துல. வெளிநாட்டுக்குப் போய் ஆறு வருஷமாச்சு. அவ போன அன்னிக்கு இருந்த முகத்தோட வாசல்ல நிக்கணுமாம் இவளுக்கு. என்னாலதான் அம்மா இப்படி ஆயிட்டான்னு பொண்ணு நினைச்சிடக் கூடாதாம்."

"நீங்க பொண்ணுகிட்ட பேசுறதில்லையா?"

"போகாதேன்னேன். போனா. அதோட சரி. வரேன்னு அம்மாவுக்கு ஒத்தை வரி லெட்டர் போட்டிருந்தா. அதைத் தவிர ஒரு தகவலும் தெரியாது." ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஒழுகுற வீடு, பத்து நாளா மழை. எப்படித்தான் இருக்காளோ."

அவர் தெருமுனை திரும்பும்வரை கொழுந்தன் பொறுத்தான். "டாக்டர்தான் அண்ணி. சந்தேகமே இல்ல."

"பார்த்துட்டுச் சொல்லுங்க தம்பி."

மருத்துவர் ஒளிக்கவில்லை. படம் வரைந்தே காட்டினார். "தோலை இழுத்துத் தைச்சா தழும்பு விரியும். அதனால அடியில இருக்கிற படலத்தைத்தான் இழுத்துக் கட்டுவோம். மேல்தோல் சும்மா வந்து உட்காரணும். வெட்டுக்கோடு காது மடிப்புல ஒளிஞ்சு, காதுக்குப் பின்னால சுத்தி, முடிக்குள்ள போயிரும். அப்புறம் தழும்பு தடிக்காம இருக்க சிலிக்கோன் பட்டை ஒட்டணும். வெயில் படக் கூடாது, எதுவும் அழுத்தவோ உரசவோ கூடாது. 'அந்தப் பக்கம் போன் வெச்சுப் பேசுறீங்களா'ன்னு கேட்டேன். 'எனக்கு யாரு போன் பண்ணப் போறா'ன்னுட்டாங்க."

திரும்பும் வழியில் கொழுந்தன் குற்றவாளியை மாற்றினான். "அந்தம்மா முடிக்குச் சாயம் போடுற பொண்ணுதான் அண்ணி. சாயம் வழிஞ்சிருக்கும்."

அடுத்த நாள் தையற்கடையில் அந்த அம்மாள் முடியை ஒதுக்கிக் காட்டினார். இடது காதின் பின்புறமும் முடியோரமும் கோடே தெரியாமல் ஆறியிருந்தன. கெட்டிருந்தது காதுக்கு முன்னால் இரண்டு விரல் நீளம் மட்டும். அதன்மேல் ஒட்டிய பட்டையின் ஓரம் சுருண்டு கிடந்தது.

"சாயம் வழிஞ்சா முடியோரத்தைத்தானே முதல்ல கெடுக்கணும்?" என்றார் அண்ணி மெல்ல. கொழுந்தனுக்குக் காது சூடானது. அந்தப் பெண்ணை மனதுக்குள் விடுதலை செய்தான்.

அவன் வேறு சிலவற்றைக் கவனித்தான். வலப்பக்கப் பட்டைகளின் பெட்டி பாதிக்கு மேல் இருந்தது, இடப்பக்கத்தது காலி. அளவுநாடா கழுத்தைச் சுற்றித் தொங்காமல், மடித்து வலது தோளில் மட்டும் கிடந்தது. வெட்டும் அறைக் கதவில் ஓர் அட்டை: மூன்று முதல் ஐந்து வரை உள்ளே வர வேண்டாம். கதவுக்கு வெளியே ஒரு முக்காலி. வாடிக்கையாளர்களைப் பார்க்க வேண்டியவர், அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டிய இடத்தில் அது கிடந்தது.

அண்ணி வெட்டும் அறைக் கதவைச் சாத்தினார். "மூணு மணிக்குப் பொண்ணு போன் பண்றாளா அம்மா?"

அந்த அம்மாள் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"துணி வெட்ட ரெண்டு கையும் வேணும். அப்போ போன் தோளுக்கும் காதுக்கும் நடுவுலதான் இருக்கணும். நாடா இருந்தா வழுக்கும், அதான் இடது தோள் காலியா இருக்கு. சூடான போன் ரெண்டு மணி நேரம் அந்த இடத்தையே அழுத்துது, உரசுது. பட்டை தினமும் கழண்டு வருது."

"நாங்க அதிகம் பேசக்கூட மாட்டோம்," என்றார் அந்த அம்மாள். "அவ அங்க ஏதாவது வேலை செய்வா. நான் இங்க வெட்டுவேன். லைன் மட்டும் திறந்திருக்கும். அவ நடக்குற சத்தம் கேட்டாப் போதும் எனக்கு."

கொழுந்தன் முந்திக்கொண்டான். "காதுல மாட்டிக்கிற ஒயர் இருக்கே?"

"அவரு திடீர்னு உள்ள வந்தா? போன்னா துணிக்கு அடியில தள்ளிடலாம். ஒயரைப் பார்த்தா யாருன்னு கேப்பாரு. தெரிஞ்சா அன்னிக்கோட நின்னுரும். முகம் எப்படியோ போகட்டும். சொல்லிடாதீங்க."

"நான் சொல்லப் போறதில்ல," என்றார் அண்ணி. "கேக்கத்தான் போறேன்."

வெளியே கணவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மணி மூன்றாகப் பத்து நிமிடம்.

"பொண்ணு வீடு ஒழுகுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

இஸ்திரிச் சட்டைக்குள் ஆள் சுருங்கியதுபோல் கொழுந்தனுக்குத் தோன்றியது.

"ஒத்தை வரி லெட்டர்ல மழையும் இல்ல, கூரையும் இல்ல. அம்மாவும் சொல்லல. கதவு சொல்லியிருக்கணும்."

"இவ பேசுறது மட்டும்தான் கேக்கும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "'இன்னும் ஒழுகுதா'ம்பா. அவ என்ன சொன்னாள்னு தெரியாது. 'ஐயோ, காய்ச்சலா'ம்பா. அப்புறம் ரெண்டு மணி நேரம் கத்தரி சத்தம். காய்ச்சல் விட்டுச்சா இல்லையான்னு நான் மறுநாள் மூணு மணி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும்."

"தழும்பு எதனாலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நான் சொன்னா, ஒட்டுக்கேட்டது தெரிஞ்சிரும். பேசுறதை நிறுத்திடுவா."

"அதுக்காக ஒரு நல்ல டாக்டரைக் கோர்ட்டுக்கு இழுக்கப் பார்த்தீங்களே!" கொழுந்தனால் தாங்க முடியவில்லை.

"கேஸெல்லாம் போட மாட்டேன் தம்பி. யாராவது வந்து கண்டுபிடிச்சு, அவகிட்ட எடுத்துச் சொல்லட்டும்னுதான்."

"என்னன்னு சொல்லணும்?" என்றார் அண்ணி.

அவர் தன் கைகளைப் பார்த்தார். "போனை மேசை மேல வெச்சுப் பேசச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல. நான் உள்ள வர மாட்டேன். குறுக்க பேச மாட்டேன்."

அண்ணி உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பினார். கதவை அவர் சாத்தவில்லை.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. பிறகு, கொழுந்தன் அதுவரை கேட்டிராத ஓர் இளம் குரல் கூடம் வரைக்கும் பரவியது.

"என்னம்மா, எதிரொலிக்குது? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

கத்தரிச் சத்தம் இல்லை. "அப்பா இருக்காரு," என்றார் அந்த அம்மாள். "கதவுகிட்ட உட்கார்ந்திருக்காரு."

லைன் போய்விட்டதென்றே கொழுந்தன் நினைத்தான்.

"சாப்பிட்டாரா?" என்றது குரல்.

"சாப்பிட்டேன்னு சொல்லு," என்றார் அவர், முக்காலியை விட்டு எழாமல், தெருவுக்கே கேட்கும்படி.